காலி டின்னில் ஒரு விமான மூக்கு: சின்ன அளவில் நோஸ் ஆர்ட் தீட்டப் புதிதாக வருபவர்களுக்கு

முதல் படத்தை மாடல் விமானத்தின் மேல் தீட்டாதீர்கள். காலி 100பிளஸ் குளிர்பான டின் ஒன்றை வெட்டி, அந்தத் தகட்டில் தீட்டுங்கள். போர் விமானங்களின் மூக்கில் தீட்டிய படங்களைச் சின்ன அளவில் தீட்டும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க ஆசைப்பட்டு என்னிடம் வரும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மாடலை ஒட்டி, சந்து நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்து முடிக்க ஒரு மாதம் ஓடிவிடும். அதற்குப் பிறகு அதன் மூக்கில், கட்டைவிரல் நகத்தளவு இடத்தில், ஒரு பெண்ணை வரைய உட்கார்ந்தால் யாருக்கும் கை நடுங்கும். நடுங்கினால் ஒரு மாத வேலை போச்சு. டின் தகடு அப்படியில்லை. கெட்டுப்போனால் கோப்பிக்கடையில் இன்னொன்று வாங்கிக் குடித்தால் ஆயிற்று. இன்னொரு காரணமும் உண்டு. நிஜ விமானத்தின் தோல் அலுமினியம். இந்த டின்னும் அலுமினியம். கடைசியில் ஊசியால் லேசாகச் சுரண்டினால் பெயின்டுக்குக் கீழே நிஜ உலோகமே மின்னும். பிளாஸ்டிக் மாடலில் அந்த மினுக்கத்தையும் பெயின்டால்தான் கொண்டுவர வேண்டும்.

நான் இருப்பது மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம். ரப்பர் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். பெயின்டும் தூரிகையும் எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தவை. அவர் லாரிக் கதவுகளுக்கும் கோயில் பலகைகளுக்கும் தமிழ் எழுத்து எழுதியவர். அவரிடம் கற்ற இரண்டு மூன்று வித்தைகளை இடையிடையே சொல்கிறேன். விமானப் படத்துக்கு அவை அப்படியே பொருந்துகின்றன.

எதைத் தீட்டுகிறோம்

விமானத்தின் முன்பக்கத்தில், விமானி உட்காரும் ஜன்னலுக்குக் கீழே வரையும் படத்துக்கு நோஸ் ஆர்ட் என்று பெயர். மூக்கோவியம் என்று சொல்லி எனக்குப் பழகிவிட்டது. முதல் உலகப் போரிலேயே இது உண்டு. இத்தாலிய விமானி ஃபிரான்செஸ்கோ பராக்கா தன் விமானத்தில் முன்கால் தூக்கிய கறுப்புக் குதிரையை வரைந்திருந்தார். அதுதான் பிறகு ஃபெராரி காரின் சின்னமானது. பின்அப் பெண்கள், அதாவது சுவரில் குத்தி வைக்கும் கவர்ச்சிப் படத்துப் பெண்கள், விமானம் ஏறியது இரண்டாம் உலகப் போரில். எஸ்குவயர் பத்திரிகையில் ஜார்ஜ் பெட்டியும் ஆல்பர்டோ வர்காஸும் வரைந்த பெண்களை, அமெரிக்க வீரர்கள் குண்டுவீச்சு விமானங்களின் மூக்கில் பெரிதாக்கித் தீட்டினார்கள்.

அவற்றில் பெயர் பெற்றது மெம்பிஸ் பெல் என்ற பி-17. இங்கிலாந்திலிருந்து பறந்து, 1943 மே மாதம் 25 தாக்குதல்களை முடித்த விமானம். விமானி ராபர்ட் மோர்கனின் காதலி மெம்பிஸ் நகரத்துக்காரி. அவரை நினைத்து வைத்த பெயர். படம் ஜார்ஜ் பெட்டி வரைந்தது, விமானத்தில் தீட்டியவர் டோனி ஸ்டார்சர் என்ற படைவீரர். அந்தப் பெண்ணின் நீச்சலுடை விமானத்தின் இடப்பக்கத்தில் நீலம், வலப்பக்கத்தில் சிவப்பு. விமானத்தைச் சீர்செய்து 2018-இல் ஓஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல புகைப்படங்கள் நிறையக் கிடைக்கும். முதல் பயிற்சிக்குப் பார்த்து வரைய அதைவிடச் சிறந்தது இல்லை.

இந்த விமானங்கள் நமக்குத் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி, மலாயாவில் போர் தொடங்கிய அன்றே, சுங்கைப் பட்டாணி விமானத் திடலில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அங்கே நின்றவை ஆஸ்திரேலியப் படையின் பஃபலோ விமானங்களும் பிரிட்டிஷ் பிளென்ஹைம்களும். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், வங்காளத்துக் கரக்பூர் வட்டாரத் திடல்களிலிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறைமேல் குண்டு போட்டன. அந்தப் பட்டறையில் வேலை செய்தவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். அதனால் இந்தப் படங்களை வெறும் அழகுக்காக நான் தீட்டுவதில்லை. வரைந்தவர்களும் பறந்தவர்களும் பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றிய பையன்கள். நாளை திரும்பி வருவோமா என்று தெரியாமல் தங்களுக்கு ஒரு துணையைச் சுவரில் எழுதுவதுபோல எழுதிக்கொண்டார்கள். கீழே இருந்த நம் பாட்டிமார் சத்தம் கேட்டதும் மரத்தடியில் குப்புறப் படுத்தார்கள். இரண்டையும் மனதில் வைத்துத்தான் தூரிகையை எடுக்கிறேன்.

தீட்டுவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். மூக்கோவியம் திடலில் ஏணிமேல் நின்று தீட்டியது. கையில் இருந்த நாலைந்து நிறம், தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்ற கணக்கு. அசலிலேயே நுணுக்கம் குறைவு. சின்னதாக்கும்போது இன்னும் குறைக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, அசலில் இல்லாத கண்ணிமையையும் விரல் நகத்தையும் ஒன்பது சென்டிமீட்டர் தகட்டில் போடப் பார்ப்பதுதான். எதை விடுவது என்று தெரிந்துகொள்வதில்தான் இந்தக் கலையின் பாதி இருக்கிறது.

யாரை வரைவது

முதல் படத்தை நான் மேசையில் காய வைத்திருந்தபோது அம்மா பார்த்துவிட்டு, "என்னப்பா இது, சாமி படம் இருக்கிற வீட்டுல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, சங்கடப்பட்டுக் கேட்டார். இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரும். பின்அப் என்றால் உடையைக் குறைப்பது என்று அர்த்தமில்லை. அதன் உயிர் நிற்கும் விதத்தில் இருக்கிறது: கால் நுனியிலிருந்து முகவாய் வரை ஒடியாமல் ஓடும் ஒரே வளைவு, ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு, பார்ப்பவரை நேராகப் பார்க்கும் துணிச்சலான முகம். ஜார்ஜ் பெட்டியின் பெண்களுக்குக் கால்கள் இயல்பைவிட நீளம், தலை கொஞ்சம் சிறிது. அந்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டு நமக்குப் பிடித்த உடையைப் போடலாம்.

என்னுடையவள் ஒரு பால்வெட்டுக்காரி. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஒரு காலை நீட்டியிருக்கிறாள். தலையில் துண்டு, அதன்மேல் நெற்றி விளக்கு, முழங்கால்வரை ஏற்றிச் செருகிய கைலி, ரப்பர் பூட்ஸ், தோளில் சாய்த்த வெட்டுக்கத்தி. பெயர் 'நாலு மணி ராணி'. விடியற்காலை தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக நாலு மணிக்கே எழுந்த என் பாட்டியை நினைத்து வைத்தது. அவளைப் பார்த்த பிறகு அம்மா, "பூட்ஸ்ல சேறு போடு. சேறு இல்லாம எவ வந்தா?" என்றார். போட்டேன். இந்தக் கட்டுரையில் அவளையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை

தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவு விலைக் கடையில் கிடைக்கும் நைலான் தூரிகையின் முனை ஒரே வாரத்தில் கொக்கிபோல வளைந்துவிடும். கொலின்ஸ்கி முடித் தூரிகை ஒன்று, 1-ஆம் எண் அல்லது 0, போதும். மூன்று சைபர் போட்ட மெல்லிய தூரிகைதான் வேண்டும் என்று பலர் தேடுவார்கள்; வாங்காதீர்கள். அதில் தங்கும் பெயின்ட் தகட்டைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். வயிறு பெருத்து முனை கூர்மையாக உள்ள தூரிகைதான் மெல்லிய கோட்டை நீளமாக இழுக்கும். பழைய தூரிகை ஒன்றைப் பெயின்ட் கலக்க வைத்துக்கொள்ளுங்கள். நல்லதால் கலக்கவே கூடாது.

பெயின்டில் இரண்டு வகை வேண்டும். பின்னணிக்கு மாடல் பெயின்ட் நிறுவனமான தமியாவின் எக்ஸ்.எஃப் 62, ஆலிவ் பச்சை. அமெரிக்க விமானங்களின் மேற்பூச்சுக்கு நெருக்கமானது. பெண்ணைத் தீட்ட அது வேண்டாம். தமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் இருப்பதால், இரண்டாம் பூச்சுப் பூசும்போது தூரிகை அடிப்பூச்சைக் கிளப்பிவிடும். வல்லேஹோ மாதிரி நீரில் கரையும் அக்ரிலிக், அல்லது புத்தகக் கடையில் கிடைக்கும் ஓவியர் அக்ரிலிக் டியூப் போதும். ஆறே நிறம்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், நல்ல சிவப்பு, மஞ்சள். கறுப்பு வாங்காதீர்கள். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் கறுப்பைவிட அழகான இருட்டு கிடைக்கும்.

மற்றவை ஹார்ட்வேர் கடையிலும் வீட்டிலும் இருக்கும்: உலோகத்துக்கு அடிக்கும் சாம்பல் பிரைமர் ஸ்ப்ரே, 800 எண் மணல்காகிதம், இரும்பு ரூலர், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, கேக் சுடும் காகிதம், வெள்ளைச் சாக்குக்கட்டி, இருபக்கம் ஒட்டும் டேப், சின்னப் பிளைவுட் துண்டு. பிரைமர் கேட்டால் கடைக்காரத் தவுக்கே, "இரும்புக்கா, அலுமினியத்துக்கா?" என்று திருப்பிக் கேட்பார். அலுமினியத்துக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தகடு செய்தல்

டின்னின் மேல் மூடியையும் அடியையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, உடலை நீளவாக்கில் வெட்டி விரியுங்கள். வெட்டிய ஓரம் சவர பிளேடு மாதிரி இருக்கும். கையுறை போடாமல் தொடாதீர்கள், சிறுபிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் செய்யவே வேண்டாம். சுருண்டுகொள்ளும் தகட்டை மேசை விளிம்பில் எதிர்ப்பக்கமாக இழுத்து இழுத்து நிமிர்த்துங்கள். அதிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் நீளம், ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு. இதை 24-இல் ஒரு பங்கு அளவு என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் உள்ள பகுதி. ஓர் ஆள் உயரப் படம் அதில் சாய்ந்து உட்காரத் தாராளமாக இடம் இருக்கும்.

இனி ஆணிகள், அதாவது விமானத் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட்டுகள். இது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பழைய ஜப்பான் சிலிப்பர் ஒன்றின் மேல் தகட்டைக் குப்புற, அச்சடித்த பக்கம் மேலே தெரியும்படி போடுங்கள். பென்சிலால் நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பேனா முனையால் மெதுவாக அழுத்துங்கள். சிலிப்பர் ரப்பர் லேசாக உள்வாங்கும். 'டிக்' என்று சின்னச் சத்தம் வரும். திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்தில் வரிசையாக ரிவெட் தலைகள் எழுந்து நிற்கும். முதல் வரிசை கோணும். பத்தாவது வரிசையில் கை தானாகவே தாளம் பிடித்துவிடும், பால் மரத்தில் பட்டை சீவுகிற கை மாதிரி. தகடுகள் சேரும் கோட்டை மட்டும் முன்பக்கத்தில், ரூலர் வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரே இழுப்பில் கீறுங்கள். முகம் வரப்போகும் இடத்தில் ரிவெட் வைக்காதீர்கள். நிஜத்தில் ஓவியர்களுக்கு அந்த வசதி கிடையாது, நமக்கு உண்டு.

டின்னின் உள்பக்கத்தை முன்பக்கமாக வையுங்கள். வெளிப்பக்கத்தில் அச்சடித்த மை இருக்கும். உள்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சு உண்டு. மணல்காகிதத்தால் பளபளப்பு மங்கும்வரை தேய்க்க வேண்டும், ரிவெட் தலைகள்மேல் மென்மையாக. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காய்ந்ததும் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பிளைவுட்டில் ஒட்டுங்கள். ஓரங்களும் அப்போதுதான் கையைக் கிழிக்காது.

என் முதல் தகட்டில் தேய்க்கவும் இல்லை, பிரைமரும் அடிக்கவில்லை. நேராகப் பச்சை அடித்துப் பெண்ணைத் தீட்டி முடித்து, எழுத்துக்கு நேர்கோடு வேண்டும் என்று டேப் ஒட்டினேன். டேப்பை உரித்தபோது முகமும் பாதி தோளும் டேப்போடு வந்துவிட்டன. இரண்டு வாரச் சாயங்காலங்கள் அந்த டேப்பில் ஒட்டிக்கொண்டு தொங்கின. அலுமினியம் பெயின்டைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. பிரைமர் கட்டாயம்.

மழையும் ஸ்ப்ரேயும்

பிரைமரை மெல்லிய இரண்டு பூச்சாக, பத்து நிமிட இடைவெளியில், ஒன்றரைச் சாண் தள்ளி நின்று அடியுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பெரிய பிரச்சினை ஸ்ப்ரேதான். மழைக்கு முன் காற்று கனத்துக் கிடக்கும்போது அடித்தால், ஸ்ப்ரேயின் கரைப்பான் வேகமாக ஆவியாகித் தகடு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து, மேற்பரப்பு பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள், வெயில் ஏறிய நாளில், அஞ்சடியில், அதாவது கட்டடத்தின் முன் கூரையுள்ள நடைபாதையில், நின்று அடியுங்கள். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சிதான் இதற்கு நல்ல காலம். தூரிகை வேலையை எந்த மாதத்திலும் செய்யலாம். ஸ்ப்ரே வேலைகளை மட்டும் நான் சேர்த்து வைத்து அந்த மாதங்களில் முடிப்பேன்.

பிரைமர் காய்ந்ததும் ஆலிவ் பச்சையைத் தமியாவின் தின்னரோடு கலந்து அகலத் தூரிகையால் இரண்டு பூச்சு. வெயிலில் நின்ற விமானம் வெளுத்திருக்கும். இரண்டாம் பூச்சில் கொஞ்சம் வெளிர் மஞ்சள்பழுப்பு சேர்த்து, தகட்டின் நடுப்பகுதியில் மட்டும் ஓட்டினால் அந்த வெளுப்பு வந்துவிடும். பெரிய பரப்பில் அடர்ந்து தெரியும் நிறம் சின்னதில் கறுப்பாகத் தோன்றும், அதனால் எப்போதும் ஒரு படி வெளிறவே கலக்கவும்.

படத்தை இறக்குதல்

படத்தை முதலில் காகிதத்தில் நிஜ அளவிலேயே வரைந்து முடியுங்கள். பெரிதாக வரைந்து சுருக்காதீர்கள். சுருக்கும்போது கோடுகளெல்லாம் நெருங்கிவிடும், எதை விடுவது என்று தெரியாது. பிடித்த வரைபடத்தைக் கேக் காகிதத்தில் நகலெடுத்து, அதன் பின்பக்கம் முழுக்கச் சாக்குக்கட்டியால் தேயுங்கள். பென்சில் கரி பச்சைமேல் தெரியாது, சாக்குக்கட்டி தெரியும். தகட்டில் காகிதத்தை டேப்பால் ஓரத்தில் மட்டும் ஒட்டி, மை தீர்ந்த பேனாவால் வெளிக்கோட்டின்மேல் லேசாக ஓட்டுங்கள். எடுத்தால் பச்சையில் வெள்ளைக் கோடாக ராணி உட்கார்ந்திருப்பாள். கண், மூக்கு, வாயை இப்போது இறக்க வேண்டாம். எப்படியும் அடிப்பூச்சில் மறைந்துவிடும்.

அடுத்தது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பெண்ணின் முழு உருவத்தையும் வெள்ளையில் ஒரு துளி ஓக்கர் கலந்து நிரப்புங்கள், மெல்லிசாக, மூன்று அல்லது நான்கு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, கேவலமாகத் தெரியும். பயப்படாதீர்கள், மூன்றாவதில் சமமாகிவிடும். அவசரப்பட்டு ஒரே பூச்சில் தடித்தால் தூரிகைத் தடம் கடைசிவரை மறையாது. இந்த அடிப்பூச்சு இல்லாவிட்டால் பச்சை உள்ளிருந்து எழும்பி, சதை நிறம் நோயாளி மாதிரி ஆகிவிடும்.

தோல்

தட்டையான உணவு டப்பாவில் நனைத்த டிஷ்யூவை மடித்து வைத்து, அதன்மேல் கேக் காகிதம். ஈரத்தட்டு தயார். இதில் கலந்த பெயின்ட், மூடி வைத்தால், மறுநாள்வரை காயாது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்யும் நமக்கு இது இல்லாமல் முடியாது.

நம் ஊர்ப் பெண்ணின் தோலுக்கு நடு நிறம்: பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, ஓக்கர் ஒரு பங்கு, வெள்ளை அரைப் பங்கு. இதை முகம், கை, கால் எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு கொடுங்கள். நிழலுக்கு அதே கலவையில் இன்னும் சியன்னாவும் ஒரு குண்டூசி முனையளவு அல்ட்ராமரினும். வெளிச்சத்துக்கு நடு நிறத்தில் ஓக்கரும் வெள்ளையும் கூட்டவும். வெறும் வெள்ளையைக் கூட்டினால் தோல் சாம்பல் பூத்துவிடும். ஓக்கர்தான் அதற்கு உயிர்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே முடிவு செய்து, தகட்டின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். நான் எப்போதும் இடது மேல்பக்கத்தை எடுத்துக்கொள்வேன். ராணியின் நெற்றியில் விளக்கு இருக்கிறதே, அதிலிருந்து வெளிச்சம் வருவதுபோலப் போடலாமே என்று ஆசை வரும். வேண்டாம். முகவாய்க்குக் கீழே, தொடைக்குக் கீழே, கையும் உடம்பும் சேரும் இடம், முழங்காலின் வலப்பக்கம்: நிழல் இவ்வளவுதான். தோள் மேல்புறம், முழங்கால் முட்டி, முகத்தின் இடப்பக்கம்: வெளிச்சம் இவ்வளவுதான். மூன்று நிறங்களும் சேரும் இடத்தில் சுத்தமான ஈரத் தூரிகையால் ஒருமுறை தடவினால் கோடு மங்கிவிடும். வர்காஸ் தன் படங்களில் நீர்வண்ணத்தோடு ஏர்பிரஷும் பயன்படுத்திய மென்மையை இங்கே தேட வேண்டாம். திடலில் தீட்டியதுபோல, படிப்படியாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால்தான் மூக்கோவியம்.

கை நடுங்குகிறதா? பெரியப்பா லாரிக் கதவில் எழுதும்போது ஒரு குச்சியின் முனையில் துணி சுற்றி, அதைக் கதவில் ஊன்றி, எழுதும் கையை அதன்மேல் வைத்துக்கொள்வார். நமக்கு ஒரு சாப்ஸ்டிக் போதும். அதைத் தகட்டுக்குக் குறுக்கே இரண்டு புத்தகங்களின் மேல் பாலம் மாதிரி வைத்து, மணிக்கட்டை அதில் சாய்த்துக்கொள்ளுங்கள். நடுக்கம் முக்கால்வாசி நின்றுவிடும்.

முகம்

24-இல் ஒரு பங்கு அளவில் தலை ஒரு சென்டிமீட்டர்கூட வராது. கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கொஞ்சம். அதில் வெள்ளை விழி, கருவிழி, புருவம், இமை என்று நான்கையும் போட்டவர்களின் படங்கள் பயந்துபோன முகமாகவே முடியும். நான் செய்வது இது. அடர்பழுப்பை மை மாதிரி நீர்த்து, தூரிகையை டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி, மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, கண் இருக்கும் இடத்தில் மேலிமைக்கு மட்டும் ஒரு சின்ன வளைவு. தொடும்போது லேசாக, நடுவில் அழுத்தம், எடுக்கும்போது மறுபடியும் லேசாக. அவ்வளவுதான் கண். அதற்கு மேலே அதே நிறத்தை இன்னும் நீர்த்துப் புருவம். மூக்குக்குக் கோடே வேண்டாம். ஒரு பக்கம் வெளிச்சப் புள்ளி, கீழே நிழல் புள்ளி. வாய்க்கு முதலில் ஒரு அடர்ந்த கோடு, நுனிகள் சற்று மேலே. கோட்டுக்குக் கீழே சிவப்பில் ஒரு சொட்டு.

தகட்டை ஒரு கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். அவள் உங்களைப் பார்க்கிறாளா? பார்த்தால் நிறுத்திவிடுங்கள், பக்கத்தில் வைத்துத் திருத்த உட்காராதீர்கள். பார்க்கவில்லை என்றால் நடு நிறத்தால் முகத்தை முழுக்க மூடி மறுபடியும் தொடங்குங்கள். அக்ரிலிக்கில் அந்தச் சலுகை உண்டு. ராணிக்கு நான் ஆறு முறை முகம் போட்டேன்.

உடைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தோலுக்குச் சொன்ன மூன்று நிறக் கணக்கேதான். கைலியில் கட்டம் போட ஆசைப்பட்டால், மடிப்பு விழும் இடத்தில் கோட்டை உடைத்து உடைத்துப் போடுங்கள். கடைசியாக உருவத்தைச் சுற்றி, நிழல் பக்கத்தில் மட்டும், அடர்பழுப்பில் ஒரு மெல்லிய வெளிக்கோடு. அது வந்ததும் அவள் தகட்டைவிட்டு எழுந்து வருவாள்.

எழுத்து

பெயர் இல்லாத மூக்கோவியம் பாதி ஓவியம். அமெரிக்கப் படங்களில் சாய்ந்த ஆங்கில எழுத்து இருக்கும். நமக்கு ஏன் தமிழ் கூடாது? சின்ன அளவில் தமிழ் எழுத்துக்கு ஒரு சிக்கல் உண்டு: சுழிகள். 'ராணி' என்று எழுதப்போனால் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு வெறும் குமிழாகிவிடும். எழுத்தின் உயரம் நாலு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பெரியப்பாவின் வித்தை இங்கேதான் கை கொடுக்கிறது. அவர் சின்ன எழுத்துகளில் சுழியைச் சுழியாக எழுத மாட்டார். முதலில் எழுத்தின் முழு வடிவத்தையும் மஞ்சளில் அடைத்து எழுதிவிடுவார். காய்ந்த பிறகு பின்னணி நிறத்தை எடுத்து, சுழியின் ஓட்டையை ஒவ்வொரு புள்ளியாக உள்ளிருந்து வெட்டி எடுப்பார். வெளியோரம் தடித்திருந்தாலும் அதே பின்னணி நிறத்தால் சீவிவிடுவார். எழுதுவதைவிட வெட்டுவது சுலபம். சாக்குக்கட்டியால் மேலும் கீழும் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து எண்ணி இடம் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 'ராணி' தகட்டைவிட்டு வெளியே போய்விடும். மஞ்சள் எழுத்தின் வலது கீழ்ப்பக்கம் சிவப்பில் ஒரு நிழல் விட்டால் லாரிக் கதவின் களை வரும்.

பெயருக்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னக் குண்டுகள் வரைவது வழக்கம், ஒரு தாக்குதலுக்கு ஒன்று. இந்தியாவிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன பயணங்களுக்கு ஒட்டகம் வரைந்தார்கள். என் ராணிக்குக் குண்டு வேண்டாம் என்று முடிவு செய்து, மரத்தில் வடியும் ரப்பர் பாலைப் பிடிக்கும் மங்கு வரைந்தேன், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. காகிதத்தில் ஒரு மங்கின் வடிவத்தை வெட்டி அச்சாக்கி, பஞ்சால் ஒற்றினால் எல்லாம் ஒரே அளவில் வரும்.

சுரண்டுவதும் மூடுவதும்

ஒரு வாரம் காயவிட்டு, தையல் ஊசியை எடுங்கள். விமானப் பணியாளர்களின் கையும் ஏணியும் உரசும் இடம், அதாவது தகட்டின் விளிம்பும் ரிவெட் தலைகளும். அங்கங்கே, ஒழுங்கில்லாமல், பச்சையும் பிரைமரும் போய் உலோகம் தெரியும்வரை லேசாகச் சுரண்டுங்கள். பத்து இடம் போதும். இருபதானால் குப்பையிலிருந்து எடுத்த தகடாகிவிடும். பெண்ணின் மேல் ஊசி படக் கூடாது. ரிவெட் வரிசைக்குக் கீழே அடர்பழுப்பை நன்றாக நீர்த்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து விரலால் துடைத்தால் மழை ஒழுகிய தடம். பூட்ஸில் சேறும் இப்போதுதான்.

மேலே மூட, தூரிகையால் பூசும் நீர் வகை, பளபளக்காத 'மேட்' வார்னிஷ் வாங்குங்கள். ஸ்ப்ரே வார்னிஷ் ஈரக்காற்றில் வெளுத்தால் எல்லா உழைப்பும் மூடுபனிக்குள் போய்விடும். தூரிகை வகையில் அந்தப் பயம் குறைவு. பாட்டிலைக் குலுக்காமல் நன்றாகக் கலக்குங்கள், குலுக்கினால் குமிழ் வரும். மெல்லிசாக இரண்டு பூச்சு.

மாடலுக்குப் போகும்போது

மூன்று தகடு முடித்தவர்கள் 48-இல் ஒரு பங்கு அளவிலுள்ள பி-17-க்குப் போகலாம். உருவம் இப்போது பாதியாகிவிடும், முகம் நாலு மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒரு தொடுதல், வாய்க்கு ஒரு தொடுதல், அதற்கு மேல் எதுவும் கிடையாது. அப்போதும் மாடலில் நேராகத் தீட்ட வேண்டாம். டெக்கல் காகிதம், அதாவது நீரில் நனைத்தால் மேல்படலம் நழுவி வந்து ஒட்டும் காகிதம், அச்சிடாமல் தெளிவாகக் கிடைக்கும், அதில் தீட்டுங்கள். ஒரே காகிதத்தில் நாலு ராணிகள் தீட்டி, சிறந்தவளைத் தேர்ந்தெடுக்கலாம். காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய தெளிவு வார்னிஷ் பூசி, உருவத்தை ஒட்டி வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டு, மாடலில் பளபளப்பு வார்னிஷ் அடித்த இடத்தில் நகர்த்தி வையுங்கள். மேட் பரப்பில் வைத்தால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும். டெக்கலை இளக்கும் திரவமான மைக்ரோ சால் ஒரு சொட்டு விட்டால் படலம் இளகி ரிவெட்டோடு படிந்துவிடும். அது இளகியிருக்கும்போது சுருங்குவதுபோலத் தெரியும், விரல் வைக்காமல் விட்டுவிடுங்கள், தானாகவே இழுத்துக்கொள்ளும்.

வேலை முடிந்த ஒவ்வொரு இரவும் தூரிகையைக் குளிர்ந்த நீரில் அலசி, குளியல் சோப்பில் முனையை உருட்டி, உதட்டில் வைக்காமல் விரலால் கூராக்கி, படுக்க வைத்துக் காயவிடுங்கள். நிற்க வைத்தால் தண்ணீர் உலோக வளையத்துக்குள் இறங்கிப் பசையைத் தளர்த்தி முடியை உதிர வைக்கும். ஈரமாகவே டப்பாவில் போட்டு மூடினால் இந்த ஊரில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். மாத்திரை பாட்டில்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். தூரிகை டப்பாவுக்கு இரண்டு, தகட்டைச் சட்டம் போட்டு மாட்டும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று.